யாருக்காகப் பாடுவது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்திக் கொண்டிருந்தேன். என் தம்பி மகனுடைய கறுப்புப் பனியன் கைக்கு வந்தது. மார்பிலே வட்டமாக ஒரு முத்திரை. நடுவிலே சிறகு விரித்த கழுகு. சுற்றிலும் நாலு பெயர்கள். "யாரடா இந்த நாலு பேர்?" என்று கேட்டேன்.

"தெரியாது அத்தை. பார்க்க நன்றாயிருந்தது, வாங்கினேன்" என்றான்.

உங்கள் வீட்டுக் கொடியிலும் இந்தப் பனியன் தொங்கிக் கொண்டிருக்கலாம். அந்த நாலு பேரின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், சகோதரிகளே!

1974-ல் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியிலே தோன்றிய வாத்தியக் கோஷ்டி இது. பெயர் 'ராமோன்ஸ்'. ஜோயி, ஜானி, டீ டீ, டாமி என்று நாலு வாலிபர்கள். கூடப் பிறந்தவர்கள் அல்ல. ஆனாலும் எல்லோரும் 'ராமோன்' என்று ஒரே குடும்பப் பெயரை வைத்துக் கொண்டார்கள். தோல் சட்டையும், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸுமே அவர்களுடைய மேடை அலங்காரம்.

அந்த நாளில் ராக் சங்கீதம் படாடோபத்தில் மூழ்கியிருந்தது. ஒரு பாட்டுப் பத்து நிமிஷம் ஓடும்; அதில் பாதி நேரம் கிதார்க்காரருடைய வித்தைதான்! இவர்களோ "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று ஒரு கூச்சல் போட்டு ஆரம்பிப்பார்கள். இரண்டு நிமிஷத்தில் பாட்டு முடிந்து விடும். ஒளிவு மறைவு இல்லாத அந்த வேகத்துக்குத்தான் 'பங்க்' என்று பெயர் வந்தது.

1976-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பதினாலு பாட்டு, மொத்தம் 29 நிமிஷம். சுமார் ஒரு வாரத்தில் பதிவு செய்து விட்டார்கள். செலவு ஏறக்குறைய 6,400 டாலர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அதற்குக் கிடைத்த இடம் 111! ஆனால் அதே வருஷம் ஜூலையில் லண்டனில் அவர்கள் நடத்திய கச்சேரி, அங்கிருந்த எத்தனையோ இளைஞர்களுக்கு "நம்மாலும் முடியும்" என்ற தைரியத்தைக் கொடுத்தது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. ஊர் ஊராகப் பாடியும் ரேடியோக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒன்று செய்து பார்த்தால் என்ன?" என்ற ஆசை எட்டிப் பார்த்தது.

1979-ல் ஃபில் ஸ்பெக்டர் என்ற பிரபல தயாரிப்பாளரிடம் போனார்கள். ஏராளமான வாத்தியங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் போல எழுப்புவது அவருடைய பாணி. ஒரு பாட்டின் ஆரம்பத்தில் வரும் ஒரே ஒரு கிதார் ஒலியை, ஜானியை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாராம். இன்னொரு பாட்டிலே வயலின் கோஷ்டி வந்தது. ஜோயி மட்டும் பாடினார், மற்ற மூவரும் வாசிக்கவே இல்லை. அது 'ரோனெட்ஸ்' என்ற பெண்கள் கோஷ்டி 1963-ல் பாடிய பாட்டு. ஜோயிக்கு அந்தப் பெண்களின் பாட்டென்றால் உயிர். ஆகவே, வெறும் பணத்தாசை என்று அவரைத் தூற்ற எனக்கு மனம் வரவில்லை.

1980-ல் 'எண்ட் ஆஃப் தி செஞ்சுரி' என்ற அந்தத் தொகுப்பு வெளிவந்தது. செலவு ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர். இங்கிலாந்தில் அந்த வயலின் பாட்டு எட்டாவது இடம் வரை போனது. ஆனால் அவர்கள் ஏங்கிய அமெரிக்காவிலே தொகுப்புக்குக் கிடைத்தது 44-ஆவது இடந்தான். அதற்குமேல் அவர்கள் ஏறவே இல்லை. மறு வருஷம் இன்னொரு தயாரிப்பாளர், இன்னும் மெருகு, இடம் 58. அதற்கடுத்த தொகுப்பு 83. புதியவர்கள் வரவில்லை; பழைய ரசிகர்களோ "இது நம் ராமோன்ஸ்தானா?" என்று முகம் சுளித்தார்கள்.

விருந்தாளிக்குக் காரம் ஆகாது என்று ரசத்தில் மிளகைக் குறைத்து, புளியைக் குறைத்து, கடைசியில் விருந்தாளியும் தொடாமல் வீட்டாரும் தொடாமல் ஈயச்சொம்போடு மிஞ்சிப் போவதை நாம் பார்த்ததில்லையா?

நாலு பேர் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமல்ல. வயிறு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் வராத கூட்டத்துக்காகக் குரலை மாற்றிக் கொள்ளும்போது, வந்து உட்கார்ந்திருப்பவர்களை மறந்து விடுகிறோம்.

1996-ல் கோஷ்டி கலைந்தது. 2001-ல் ஜோயியும், 2002-ல் டீ டீயும், 2004-ல் ஜானியும் காலமானார்கள். 2014 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது: அவர்களுடைய தொகுப்பு ஒன்று அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதிகளை எட்டி, தங்க இசைத்தட்டு என்ற மரியாதையைப் பெற்றது. எந்தத் தொகுப்பு தெரியுமா? இரண்டு லட்சம் டாலர் தொகுப்பல்ல. ஒரு வாரத்தில் பதிவான அந்த முதல் தொகுப்பு! முப்பத்தெட்டு வருஷம் கழித்து அதைக் காண நால்வரில் டாமி ஒருவர்தான் இருந்தார். அந்த ஜூலையில் அவரும் போய்விட்டார்.

இதைச் சொன்னதும் பையன் பேசாமல் உள்ளே போனான். சற்று நேரத்தில் கூடத்திலிருந்து "ஒன், டூ, த்ரீ, ஃபோர்!" என்று சத்தம். எனக்கு அந்தச் சங்கீதம் அவ்வளவாகப் பிடிபடவில்லை என்பதை ஒப்புக் கொள்கிறேன். ஆனாலும் சாதம் வடித்து, குழம்பை இறக்குகிற வரையில் நிறுத்தச் சொல்லவில்லை. அதற்குள் தானாகவே முடிந்து விட்டது.