நொடித்த பிறகுதான் தொழிலாளி பங்காளியா?

மோட்டார் கார் ஆலை லாபத்தில் ஓடும்போது அதன் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. ஆலை நொடித்துவிட்டால் மட்டும், "இது உங்கள் ஆலை, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று தொழிலாளர்களிடம் சொல்லத் தொடங்குகிறார்கள். சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சில நாடுகளில், வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாகப் பங்குப் பத்திரமே கொடுத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டால் தொழிலாளிக்கு உண்மையில் கிடைப்பது என்ன?

சித்தூர், திருப்பதி மாவட்டத் தமிழர்களுக்கு இது தூரதேசத்து விவகாரம் அல்ல. பாலசமுத்திரம், நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் கரும்பையும் தறியையும் விட்டு ஆலை வேலைக்குப் போகும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். ஸ்ரீசிட்டியில் இசுசு வாகன ஆலை 2016-ல் திறக்கப்பட்டது. சத்தியவேடு வட்டாரத்தில் ஹீரோ மோட்டார் சைக்கிளும் அப்போலோ டயரும் தயாராகின்றன. கரகம்பாடியில் அமர ராஜா பாட்டரி தொழிற்சாலை இருக்கிறது. இவையெல்லாம் நன்றாக ஓடட்டும். ஆனால், ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் நின்றுபோனதையும் மறந்துவிடக் கூடாது.

நின்றுபோன ஆலைகள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்த ஆலை சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி வந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெரிய காரை இறக்கியது. மேல்தோற்றம் புதிது, எஞ்சின் பழையது. விலையும் அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டது.

அம்பாசடர் காரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் வேலையை நிறுத்தியது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் ரூ.80 கோடிக்கு ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நிற்கப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2022-ல் நின்றும் போயிற்று. அங்கிருந்த தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

இந்த மூன்று ஆலைகளிலும் எந்த மாடலைச் செய்வது, என்ன விலை வைப்பது, எப்போது புது இயந்திரம் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் தொழிலாளர்கள் அல்ல. ஆனால் அந்த முடிவுகள் பொய்த்தபோது வேலை இழந்தவர்கள் அவர்கள்தான்.

கடனுக்குப் பதில் பங்கு

அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1979-ல் திவாலாகும் நிலைக்கு வந்தது. 150 கோடி டாலர் கடனுக்கு அரசு ஜாமீன் நின்றது. தொழிலாளர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குப் பங்குகள் கிடைத்தன. 1980-ல் யூனியன் தலைவர் டக்ளஸ் ஃப்ரேசர் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தார். நிறுவனம் தேறியது, 1983-ல் கடனும் அடைபட்டது.

2009-ல் அதே நிறுவனம் மறுபடியும் நொடித்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவுக்காக நிறுவனம் தரவேண்டிய பணத்தில் ஒரு பகுதிக்கு ஈடாக 55 சதவீதப் பங்கு அவர்களுடைய அறக்கட்டளைக்குத் தரப்பட்டது. பாதிக்கு மேல் பங்கு இருந்தும் நிர்வாகக் குழுவில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம். மீதியிருந்த பங்குகளையும் 2014-ல் இத்தாலியின் ஃபியட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆக, தொழிலாளர் பெயரில் பங்கு இருந்ததே தவிர, அதிகாரம் இருக்கவில்லை.

குர்லாவில் நடந்தது

நம் நாட்டிலும் ஒரு பரிசோதனை நடந்தது. பம்பாய் குர்லாவில் இருந்த கமானி ட்யூப்ஸ் என்ற செம்பு, பித்தளைக் குழாய் ஆலை 1985-ல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். கூட்டுறவுச் சங்கமாக ஆலையை ஏற்று நடத்த அவர்கள் போட்ட திட்டத்துக்கு 1988-ல் அனுமதி கிடைத்தது. சேமநிதியிலிருந்து பணம் போட்டார்கள், சம்பளக் குறைப்பை ஏற்றார்கள், தேர்ந்த நிர்வாகிகளை வைத்தார்கள். ஆலை சில ஆண்டுகள் நன்றாகவே நடந்தது. பிறகு நடைமுறை முதலுக்குத் தட்டுப்பாடு வந்தது, உட்பூசலும் சேர்ந்தது; ஆலை மறுபடி நலிந்தது.

தொழிலாளிக்கு ஆலை நடத்தத் தெரியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது சரியல்ல. முதலாளி கைவிட்ட ஆலையைத்தான் அவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். 1950-களின் கடைசியில் தொழிலாளர் கூட்டுறவாக மாறிய இந்தியன் காபி ஹவுஸ் கடைகள் பல ஊர்களில் இன்றும் நடக்கின்றன. ஆனால் காபிக் கடைக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பல நூறு கோடியில் புது மாடல் வேண்டியதில்லை. கார் ஆலைக்கு வேண்டும். நொடித்த கார் ஆலையை முதல் இல்லாத தொழிலாளர் கையில் கொடுப்பது, எண்ணெய் ஊற்றாமல் விளக்கை ஏற்றச் சொல்வது போன்றதே.

பெயரளவில் சொந்தக்காரராக இருப்பதன் அருமை சித்தூர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. இங்குள்ள கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடப்பட்டபோது, பால் ஊற்றியவர்களை உறுப்பினர் என்ற பெயர் காப்பாற்றவில்லை.

முதலில் கணக்கு

ஜெர்மனியில் 1976-ல் வந்த சட்டப்படி, 2,000-க்கு மேல் ஊழியர் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் ஊழியர் தரப்புக்கு உரியவை. அதே 1976-ல் நமது அரசியல் சட்டத்திலும் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு பற்றி 43-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. ஆனால் அது வழிகாட்டும் கொள்கை மட்டுமே. கோர்ட்டில் கேட்டு வாங்க முடியாது. 1990-ல் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. 2016-ம் ஆண்டுத் திவால் சட்டத்தில், கலைக்கப்படும் நிறுவனத்தின் தொழிலாளருக்கு 24 மாதச் சம்பளப் பாக்கி, ஈடு வாங்கிக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் வருகிறது. இது ஆறுதல்தான். ஆனால் ஆலை போன பிறகு கிடைக்கும் ஆறுதல்.

ஆகவே யூனியன்கள் பங்கு கேட்பதற்கு முன் கணக்கைக் கேட்க வேண்டும். ஆர்டர் எவ்வளவு, கடன் எவ்வளவு, அடுத்த மாடலுக்குப் பணம் ஒதுக்கியாயிற்றா, சேமநிதிப் பணம் மாதந்தோறும் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்பதெல்லாம் ஆண்டுதோறும் தொழிலாளர் முன் வைக்கப்பட வேண்டும். பங்கு தருவதானால் ஆலை லாபத்தில் இருக்கும்போதே தர வேண்டும். சம்பளத்துக்குப் பதிலாக அல்ல, சம்பளத்துக்கு மேல். அதோடு நிர்வாகக் குழுவில் இடமும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரை விட்டுவிட்டு நிரந்தர ஊழியருக்கு மட்டும் இதைக் கேட்பதும் நியாயமாகாது. ஆலை தள்ளாடும்போது முதலில் வெளியே போகிறவர் ஒப்பந்தத் தொழிலாளிதான்.

லாபத்தில் ஓடும் ஆலையில் இதைக் கேட்டால் நிர்வாகத்துக்குக் கசக்கும். ஆனால் கேட்பதற்கு ஏற்ற காலம் அதுதான். கதவில் பூட்டுத் தொங்கிய பிறகு எதைக் கேட்டும் பயனில்லை.