"ஊரில் இல்லை" என்று யந்திரம் பதில் சொல்கிறது!

காணும் பொங்கலன்று பூம்புகார் கடற்கரையில் கூட்டம் அலைமோதும். சென்னையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் அப்போதுதான் ஊருக்கு வருகிறார்கள். ஆனால் பலருக்குக் கண் கடலில் இல்லை, கையிலுள்ள செல்போனில்! ஆபீசிலிருந்து ஈ-மெயில் வந்திருக்குமோ என்ற கவலை.

இதற்கு ஒரு வசதி இருக்கிறது. லீவில் புறப்படுமுன் ஈ-மெயிலில் இப்படி எழுதி வைத்துவிடலாம்: "14-ந் தேதி முதல் 18-ந் தேதி வரை லீவு. அவசரமானால் இன்னாரைக் கேளுங்கள்." யார் எழுதினாலும் இந்தப் பதில் தானாகவே போய்விடும். ஜிமெயிலில், ஒருவரே திரும்பத் திரும்ப எழுதினாலும் 4 நாளைக்கு ஒரு முறைதான் பதில் போகும். அதுவும் நல்லதுதான். இரண்டு பேருமே லீவில் இருந்தால், இரண்டு யந்திரங்களும் விடிய விடிய ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டிருக்குமே!

வேல்ஸ் நாட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. 2008-ம் ஆண்டு ஸ்வான்சீ நகரசபையார், லாரிகள் வரக்கூடாது என்று ஒரு பலகை வைக்க விரும்பினார்கள். வெல்ஷ் மொழிபெயர்ப்புக் கேட்டு ஈ-மெயில் அனுப்பினார்கள். உடனே பதில் வந்தது. அப்படியே பலகையில் எழுதி நட்டுவிட்டார்கள். அதில் இருந்தது என்ன தெரியுமா? "நான் இப்போது ஆபீசில் இல்லை" என்ற தானியங்கிப் பதில்!

யந்திரம் பதில்தான் சொல்லும், வேலையைச் செய்யாது. திரும்பிப் போனால் கடிதங்கள் மலைபோல் குவிந்து கிடக்கும். அதற்குப் பயந்துதான் பிள்ளைகள் லீவிலும் செல்போனைப் பார்க்கிறார்கள்.

புகார் நகரில் மாதவி அனுப்பிய கடிதத்தைக் கோவலன் வாங்கவே மறுத்தான் என்கிறது சிலப்பதிகாரம். ஆபீஸ் கடிதத்தை அப்படி மறுக்க முடியுமா?

சில நாடுகளில் முடியும். ஜெர்மனியின் டெய்ம்லர் மோட்டார் கம்பெனி 2014-ல் ஓர் ஏற்பாடு செய்தது. சிப்பந்தி விரும்பினால், லீவில் வரும் கடிதங்கள் தாமாகவே அழிந்துவிடும். அனுப்பியவருக்கும் அது தெரிவிக்கப்படும். ஆஸ்திரேலியாவில் 2024-ல் சட்டமே வந்தது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் கடிதத்தை, அப்படி மறுப்பது நியாயமற்றதாக இல்லாத வரை, பார்க்காமல் இருக்கலாம். நம் நாட்டில் 2018-ல் சுப்ரியா சுலே எம்.பி. லோக்சபாவில் இத்தகைய மசோதா ஒன்றைக் கொண்டு வந்தார். அது சட்டமாகவில்லை.

ஆகவே இப்போதைக்கு அந்தத் தானியங்கிப் பதில்தான் துணை. "இன்னாரைக் கேளுங்கள்" என்று போடுமுன், அந்த இன்னாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர்களுக்கும் அந்தப் பதில் போகும். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று நாமே ஏன் சொல்ல வேண்டும்?