மாம்பழத்தின் மேல் ஏன் பழி?

சேலத்துச் சந்தைக்கு மாம்பழம் வந்ததுமே அதன் மேல் வழக்கும் தொடங்கிவிடுகிறது. "மாம்பழம் சூடு, தின்றால் கட்டி வரும்." இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போனால் அங்கே குற்றவாளி பலாப்பழம். மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் காபிப் பழம் பறிக்கிறவருக்குப் பிடரியில் கட்டி புறப்பட்டாலும் தீர்ப்பு மாறுவதில்லை: உடம்பு சூடு. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரும் இந்தச் சூட்டைத் தணிக்கவில்லை என்றால், காரணத்தை நாம் தப்பான இடத்தில் தேடுகிறோம் என்றுதான் பொருள்.

"நாங்கள் சொல்வது வெயில் சூடு அல்ல, உள்சூடு" என்பார்கள். தெர்மாமீட்டரில் ஏறாத, எதைத் தின்றாலும் வந்துவிடுகிற, எந்தப் பருவத்துக்கும் பொருந்துகிற காரணம் எதையும் விளக்குவதில்லை.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டு ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. 1880இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் பார்த்தார். திராட்சைக் கொத்துகளாகத் திரண்ட உருண்டைக் கிருமிகள் தெரிந்தன. அந்தச் சீழை விலங்குகளுக்குச் செலுத்தினார், கட்டி வந்தது. அதையே சூடாக்கிச் செலுத்தினார், வரவில்லை. சூடு கட்டியை உண்டாக்கவில்லை, கட்டியை உண்டாக்குவதைக் கொன்றது. அவர் வைத்த பெயர்தான் ஸ்டெஃபைலோகாக்கஸ்.

இந்தக் கிருமி எங்கிருந்தோ வருவதல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. காபிச் செடியின் குச்சி கீறிய கை, சவரக்கத்தி பட்ட தாடை, சொறிந்து புண்ணான கால் என்று தோலில் வழி திறந்தால் உள்ளே நுழைகிறது. ஒரே துண்டில் வீடே முகம் துடைத்தால் அடுத்தவருக்கும் போகிறது. வியர்வையும் உராய்வும் தோலை நைத்து அதற்கு உதவும்; கோடையில் கட்டி கூடுவதாகத் தோன்றுவதில் உள்ள உண்மை அவ்வளவே.

"நம்பிவிட்டுப் போகட்டுமே, மோரும் இளநீரும் குடிப்பதில் என்ன கெடுதல்?" என்று கேட்கலாம். குடிப்பதில் கெடுதல் இல்லை, அதோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கட்டி வருவது சில நேரம் சர்க்கரை நோயின் முன்னறிவிப்பு. அதைச் 'சூடு' என்று பெயரிட்டு மூடிவிடுகிறோம். கண்கட்டிக்கு நாமக்கட்டி இழைத்துப் போடுவதோடு விடாமல், மூக்கோரத்துக் கட்டியையும் மேலுதட்டுக் கட்டியையும் பிதுக்கி எடுக்கிறோம். அங்கிருந்து தொற்று மூளைப் பக்கத்து இரத்தக் குழாய் வரை போகக்கூடும்.

இன்னொரு கெடுதலை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை, இரண்டாம் நாளே "மாத்திரை சூடு" என்று நிறுத்தம், மிச்சம் அடுத்த கட்டிக்கு. கேட்டதும் எடுத்துத் தருகிற வெறும் அமாக்சிசிலினை இந்தக் கிருமிகளில் பெரும்பாலானவை எளிதில் உடைத்துவிடும். அவற்றை அடக்க 1959இல் மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. 1961லேயே அதையும் மிஞ்சிய வகை பதிவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் கண்காணிப்பில் வரும் மருத்துவமனைகளில் பிரித்தெடுத்த இந்தக் கிருமிகளில், எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படும் அந்த வகை அண்மை ஆண்டுகளில் 40 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது.

எது எந்த வகை என்று கைநாடியோ கைராசியோ சொல்லாது, ஆய்வகம் சொல்லும். மாத்திரை தொடங்கும் முன் சீழ் எடுக்க வேண்டும். மேல்தோலைத் தடவி எடுப்பதைவிடக் கட்டிக்குள்ளிருந்து எடுப்பது மேல். கிராம் சாயத்தில் கிருமி ஊதாக் கொத்தாகத் தெரியும். இரத்த அகார் என்ற வளர்ப்புக் கூழில் ஓரிரவு வளர்த்ததில் கொஞ்சம் எடுத்து முயல் பிளாஸ்மாவில் கலந்து 37 டிகிரியில் வைப்பார்கள். நாலு மணி நேரத்துக்குள் அது உறைந்து, குழாயைச் சாய்த்தாலும் ஓடாமல் நின்றால், ஸ்டெஃபைலோகாக்கஸில் கொடிய வகையான ஆரியஸ் என்பது பெரும்பாலும் உறுதி. பிறகு செஃபாக்சிட்டின் என்ற மருந்து தோய்ந்த வில்லையைச் சுற்றிக் கிருமி எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று அளந்து, எம்.ஆர்.எஸ்.ஏ.வா என்று சொல்வார்கள். எல்லாம் இரண்டு மூன்று நாள் வேலை.

எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை. சின்னக் கட்டி வெந்நீர் ஒத்தடத்திலேயே உடைந்து ஆறும். பெரிய கட்டியை மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. ஆனால் காய்ச்சல் இருந்தால், முகத்தில் வந்தால், குழந்தைக்கோ சர்க்கரைக்காரருக்கோ வந்தால், போய்ப் போய்த் திரும்பி வந்தால், சீழ்ப் பரிசோதனையும் இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் கேட்டு வாங்குங்கள். மலையிலிருந்து சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு பஸ் பயணம்தான். தனித் துண்டு வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மிச்ச மாத்திரையைத் தொடாதீர்கள். மாம்பழத்தைத் தாராளமாகத் தின்னுங்கள். சர்க்கரை இருந்தால் மட்டும் அளவோடு.