மழைக் கணக்கும் அது வந்து சேரும் காலமும்

தமிழ்நாட்டின் மழைத் தரவுகளைத் திரட்டி ஜனங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பை வகிக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு, காஞ்சிபுரம் மாவட்டம் கூரம் கிராமத்திலிருந்து எழுதும் திறந்த மடல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

மழை பெய்கிறதா என்று அறிய வாசலுக்கு வந்து பார்த்தால் போதும். ஆனால் ஊருக்கு மேற்கே, கண்ணுக்கு எட்டாத நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தில், இந்த நேரத்தில் எவ்வளவு பெய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய ஓர் அளவைக் கருவி வேண்டும். அது அளந்ததை உடனே கொண்டுவந்து சேர்க்கும் வழியும் வேண்டும். முன்னதைப் பெருக்குவதில் அரசு காட்டிவரும் சிரத்தையை நன்றியோடு நினைக்கிறேன். 1,400 தானியங்கி மழைமானிகளையும் 100 தானியங்கி வானிலை நிலையங்களையும் நிறுவுவதென்பது சிறிய காரியமன்று. கருவிகள் பெருகுந்தோறும் அவற்றின் செய்தி நடுவழியில் தங்கிவிடக்கூடிய இடங்களும் பெருகுகின்றன என்பதால், பின்னதாகிய வழியைக் குறித்தே தங்களிடம் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன்.

இதைக் கூரத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர்ந்த பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் குறிப்பிடுகிறது. இதே மாவட்டத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளை இன்றும் சுவரில் தாங்கி நிற்கின்றன. நீருக்கு இன்னார் பொறுப்பு என்று நியமித்து, அதைக் கல்லில் எழுதிவைத்த பிரதேசம் இது. நீர்வளத் துறையின் பராமரிப்பில் மட்டும் இம்மாவட்டத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. பல ஏரிகள் ஒன்றன் கலங்கல் வழிந்தால் அடுத்தது நிரம்பும் தொடராக அமைந்தவை. மேலூரில் நடுநிசியில் கொட்டிய மழையின் அளவு கீழூரில் ஏரி நீரைக் காத்துப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு ஒரு மணி நேரம் முந்தித் தெரிந்தால், மதகைப் பார்க்கவும், கரையின் பலவீனமான இடத்தில் மணல் மூட்டை அடுக்கவும், தாழ்ந்த தெருவில் உறங்குவோரை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லவும் அவகாசம் கிடைக்கும். அதே அளவு விடிந்தபின் வந்தால், பதிவேட்டில் எழுதிக்கொள்ள மட்டுமே உதவும்.

தானியங்கி மழைமானியின் உள்ளே ஒரு சிறிய இரட்டைக் கிண்ணம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர், சில கருவிகளில் அதற்கும் குறைவான மழைநீர் நிரம்பியதும் அது ஒரு பக்கம் கவிழ்கிறது. அக்கவிழ்ச்சி மின் துடிப்பாகப் பதிவாகிறது. பதிவுக் கருவி அவற்றைக் கூட்டி, குறித்த காலத்துக்கு ஒருமுறை, கைப்பேசி வலையமைப்பின் வழியாகவோ செயற்கைக்கோள் வழியாகவோ மையத்துக்கு அனுப்ப, அங்குள்ள சர்வர் பெற்றுக்கொண்டு, பிழை இருக்கிறதா என்று சோதித்து, நாம் காணும் பக்கத்தில் ஏற்றுகிறது. கிண்ணம் ஒருபோதும் காலம் தாழ்த்துவதில்லை. அதற்குப் பின்னுள்ள ஒவ்வொரு கைமாற்றத்திலும் தாமதம் நேரக்கூடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாட்கணக்கில் சூரியன் தலைகாட்டாதபோது, சோலார் தகட்டை நம்பியிருக்கும் பேட்டரி தளர்கிறது. காற்றடித்தால் முதலில் மின்சாரம் நிற்கிறது. சில மணி நேரத்தில் கைப்பேசி டவரும் அணைகிறது. செய்தி எந்த இரவில் மிக அவசியமோ, அந்த இரவே அது தடைப்படுவதற்கும் ஏற்ற இரவாக அமைந்துவிடுகிறது. இவற்றோடு கடிகாரக் குழப்பமும் ஒன்று உண்டு. வானிலைத் துறையினர் உலகமெங்கும் கிரீன்விச்சை ஒட்டிய பொது நேரத்திலேயே தரவுகளைக் குறிக்கின்றனர்; நம் நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்த மாற்றம் ஓரிடத்தில் விடுபட்டால், சற்றுமுன் வந்த தரவும் ஐந்தரை மணி நேரம் பழையதாகத் தோன்றும். தவறுதலாக இருமுறை கூட்டப்பட்டால், பழைய தரவு புதியதாகத் தோன்றும்.

தாமதத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்க மகத்தான யந்திரங்கள் தேவையில்லை. அஞ்சல் உறைமேல் புறப்பட்ட ஊரின் முத்திரையும் சேர்ந்த ஊரின் முத்திரையும் விழுந்த காலத்தில், கடிதம் எங்கே தங்கிற்று என்பதை எவரும் பார்த்தவுடன் கண்டுகொண்டனர். அவ்வாறே ஒவ்வொரு தரவின்மீதும் அளந்த நேரம், கருவி அனுப்பிய நேரம், மையம் பெற்ற நேரம், பக்கத்தில் வெளியான நேரம் ஆகிய நான்கையும் பொறித்துவிட்டால், எந்த இரண்டுக்கு நடுவே இடைவெளி விரிகிறதோ அங்கே நோய் இருக்கிறது. ஒரு நிலையம் மட்டும் பிந்தினால் அந்தக் கருவியையும் அதன் பேட்டரியையும் பார்க்க வேண்டும். ஒரு வட்டாரத்து நிலையங்கள் யாவும் பிந்தினால் டவரை விசாரிக்க வேண்டும். மாநிலம் முழுவதும் ஒருசேரப் பிந்தினால், களத்துக்கு ஆள் அனுப்புவதை விட்டு மையத்துச் சர்வரைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஆயினும், ஐயா, தாமதத்தைவிட எனக்கு அதிக அச்சம் தருவது, தாமதம் வெளியே தெரியாமல் இருப்பதே. இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய எண்ணும், இரண்டு நிமிடத்துக்கு முந்தைய எண்ணும், திரையில் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் தோன்றுமாயின், படிப்பவர் இரண்டையும் ஒன்றுபோலவே நம்புவார். இதனினும் கொடியது பூச்சியம். மழை பெய்யவில்லை என்பது ஒன்று. நிலையத்திலிருந்து செய்தியே வரவில்லை என்பது முற்றிலும் வேறொன்று. பேட்டரி ஓய்ந்த நிலையத்துக்கு நேராகவும், புனலில் சருகு அடைத்துக்கொண்ட மழைமானிக்கு நேராகவும், பூச்சியம் என்றே அச்சாகுமானால், அது அறியாமையை அறிவாகக் காட்டுவதாகும். செய்தி வராத இடத்தில், வரவில்லை என்றே எழுதுவதில் எவ்வித இழிவும் இல்லை. அதைக் கண்ட நீர்க்கட்டி, தரவை நம்பி உறங்கிவிடாமல், தானே கரைக்குச் சென்று விளக்கடித்துப் பார்ப்பார்.

2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதியை, அக்காலத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாழ்ந்த எவரும் மறக்க இயலாது. காலை எட்டரை மணி முதல் மறுநாள் எட்டரை மணி வரை கணக்கிடும் வழக்கப்படி, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. ஆனால் அந்த அன்றாடக் கணக்கு முடிவுற்ற இரண்டாம் தேதிக் காலையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்ட நீரும், வழியெங்கும் பெய்து ஓடிய மழைநீரும் சேர்ந்து, அடையாற்றங்கரை வீடுகளுக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினம் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழையைக் கண்டது. இத்தகைய மழையில் நாள் கணக்கு சரித்திரத்துக்குப் பயன்படும். உயிரைக் காப்பது மணிக்கணக்கும் நிமிடக்கணக்குமே. ஜப்பான் தேசம் 1974 முதலே நாடெங்கும் தானியங்கி நிலையங்களை இணைத்து வந்து, இன்று சராசரியாக 17 கிலோமீட்டருக்கு ஒன்றாக, சுமார் 1,300 இடங்களின் மழை அளவைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் ஜனங்களுக்குக் காட்டுகிறது. அங்கும் புயல் அடிக்கிறது, மின்சாரம் நிற்கிறது. 1792 லேயே வானாய்வுக் கூடம் கண்ட சென்னப்பட்டினத்தைத் தலைநகராகக் கொண்ட நாம் அதைச் செய்யவியலாது என்று நான் நம்பவில்லை.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவன இவையே. வெளியிடும் ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில், அது அளக்கப்பட்ட நேரத்தை நம் நாட்டு நேரத்தில், தமிழில் காட்டச் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்ட எண்ணை நிறம் மாற்றிக் காட்டி, செய்தி வராத நிலையத்தை அவ்வாறே அறிவியுங்கள். பருவமழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, ஒவ்வொரு மழைமானியின் புனலையும் பேட்டரியையும் சோதித்து, சோதித்த தேதியை நிலையத்தின் பெயரோடு வெளியிடுங்கள். கைப்பேசி வலை அறுந்தால் செயற்கைக்கோள், அதுவும் இல்லையேல் குறுஞ்செய்தி என்று, முக்கியமான ஏரிகளின் மேற்பகுதி நிலையங்களுக்கேனும் மாற்று வழி ஒன்று இருக்கட்டும். மழையை அளப்பதுபோல் தாமதத்தையும் அளந்து, எந்த வட்டத்தின் தரவு எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்ற கணக்கை மாதந்தோறும் ஜனங்கள் முன் வையுங்கள். குறை மறைக்கப்படும்வரை அதைத் தீர்க்கப் பணமும் வராது, ஆளும் வரார். அந்தந்த ஏரியின் நீர்க்கட்டிக்கும் ஊராட்சித் தலைவருக்கும், மேற்பகுதியில் மழை ஓர் எல்லையைத் தாண்டியதும் எவரும் கேளாமலே செய்தி போய்ச் சேரட்டும்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வேறெதற்கும் காலம் இல்லாவிடினும், அளந்த நேரத்தை எண்ணின் அருகே அச்சிடும் அந்த ஒன்றையேனும் வருகின்ற ஐப்பசிக்குமுன் நிறைவேற்றித் தரும்படி, இம்மாவட்டத்து ஏரிக்கரைகளில் வாழ்வோர் சார்பில் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
கூரம் கிராமத்து வாசி ஒருவர்