பைபிள், துப்பாக்கி, ஓட்டு!

அமெரிக்க அதிபர் தேர்தல்னா அங்கே நிறைய கிறிஸ்துவர்கள் வேட்பாளர்கிட்ட ரெண்டு விஷயம் பார்ப்பாங்க. ஆண்டவர் மேல விசுவாசம் இருக்கா? துப்பாக்கி உரிமையில கை வைப்பாரா?

நம்ம பீங்கான் ஊர் விருத்தாசலத்துல தேர்தல் அறிவிச்சாலே லைசென்ஸ் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும் பாஸ்! பேங்க் காவலாளி மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. மதத்தைச் சொல்லி ஓட்டு கேட்டது கோர்ட்டுல நிரூபணமானா, ஜெயிச்சதே செல்லாது.

அப்போ இங்கே கிறிஸ்துவர்கள் மதத்தை நினைச்சு ஓட்டுப் போடுறதே இல்லையானு கேட்காதீங்க. 2002-ல ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டு வந்தப்ப கொதிச்சுப் போனாங்க. வேட்பாளர் யாரைக் கும்பிடுறார்ங்கிறதைவிட, தங்களை நிம்மதியா கும்பிட விடுவாரானுதான் அவங்க பார்த்திருப்பாங்கனு எனக்குத் தோணுது. 2004 மக்களவைத் தேர்தல்ல அ.தி.மு.க.வுக்கு ஒரு சீட்கூட இல்லை. அரசு ஊழியர் கோபமும் அதுல சேர்த்தி. ஆனா, ரிசல்ட் வந்த அதே மே மாசமே அந்தச் சட்டம் வாபஸ்!