மலைக்குப் பெயர் வைப்பது யார்?

பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பார்கள். வீடு கட்டினால் பெயர் வைப்பார்கள். கடை திறந்தாலும் பெயர் வைப்பார்கள்.

மலைக்கும் காட்டுக்கும் பெயர் வைப்பது யார்?

"சர்க்கார்தான்!" என்று சட்டென்று பதில் வரும். அது பாதி உண்மை. சர்க்கார் வருவதற்கு முன்பே மலை இருந்தது. மலையடியில் மக்கள் இருந்தார்கள். அவர்கள் அந்த மலையை ஒரு பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். அந்தப் பெயர் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விக்காக அமெரிக்காவில் 50 ஆண்டுகளாகத் தகராறு நடக்கிறது.

காணாத மலைக்கு அவர் பெயர்

வட அமெரிக்கக் கண்டத்திலேயே உயரமான மலை அலாஸ்காவில் இருக்கிறது. அதன் உயரம் 20 ஆயிரத்து 310 அடி. அங்கே காலங்காலமாக வாழும் பழங்குடி மக்கள் அதை "டெனாலி" என்று அழைத்தார்கள். "உயர்ந்து நிற்பது" என்று பொருள்.

1896-ம் ஆண்டு ஒருவர் தங்கம் தேடி அந்தப் பக்கம் போனார். அது ஜனாதிபதி தேர்தல் நேரம். மெக்கின்லி என்பவர் வேட்பாளராக நின்றார். தங்கம் தேடப் போனவர் மெக்கின்லியின் ஆதரவாளர். அவர் திரும்பி வந்து பத்திரிகையில் எழுதினார். மலைக்கு "மெக்கின்லி மலை" என்று பெயரும் போட்டுவிட்டார்!

தேர்தலில் மெக்கின்லி வெற்றி பெற்றார். 1901-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் நிலைத்துவிட்டது. 1917-ல் மலையைச் சுற்றி தேசியப் பூங்கா அமைத்தார்கள். அதற்கும் மெக்கின்லி பெயரையே வைத்தார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மெக்கின்லி ஒரு நாள்கூட அலாஸ்காவில் கால் வைத்ததில்லை!

கிடப்பில் கிடந்த பெயர்

1975-ல் அலாஸ்கா மாநில சர்க்கார், "எங்கள் மலைக்கு டெனாலி என்ற பெயரையே திருப்பித் தாருங்கள்" என்று கேட்டது.

மெக்கின்லி பிறந்த மாநிலம் ஓஹியோ. அது ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ளது. அந்த மாநிலத்தின் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் குறுக்கே நின்றார்.

அவர் செய்த தந்திரம் எளிமையானது. ஒரு பெயரைப் பற்றிப் பாராளுமன்றத்தில் மசோதா இருந்தால், பெயர்களை முடிவு செய்யும் வாரியம் அதில் தலையிடாது. இது அங்குள்ள வழக்கம். ஆகவே அவர் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார். மசோதா நிறைவேற வேண்டும் என்பதில்லை. கிடப்பில் கிடந்தாலே போதும். மலையின் பெயரும் சேர்ந்து கிடப்பில் கிடந்தது.

1980-ல் பூங்காவின் பெயர் மட்டும் டெனாலி என்று மாறியது. 2015-ல் ஒபாமா ஆட்சியில் மலைக்கும் பழைய பெயர் கிடைத்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி ஜனாதிபதியானார். பதவி ஏற்ற அன்றே மலையை மீண்டும் "மெக்கின்லி" ஆக்கி உத்தரவு போட்டார். "டெனாலி என்ற பெயரே இருக்கட்டும்" என்று அலாஸ்கா சட்டசபை தீர்மானம் போட்டது.

முடிவு? பூங்காவின் பெயர் டெனாலி. அதற்குள் நிற்கும் மலையின் பெயர் மெக்கின்லி!

பெயரோடு வந்த மரியாதை

"பெயரில் என்ன இருக்கிறது? எப்படி அழைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஆஸ்திரேலியாவில் பதில் இருக்கிறது.

அந்த நாட்டின் நடுவில், சமவெளியில் தனியாக நிற்கிறது ஒரு சிவந்த பாறை. அங்குள்ள ஆனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம். அவர்கள் சொல்லும் பெயர் "உலூரு". 1873-ல் வந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஏயர்ஸ் என்ற அரசியல் தலைவரின் பெயரை அதற்கு வைத்தார். அது "ஏயர்ஸ் பாறை" ஆனது. உல்லாசப் பயணிகள் வந்தார்கள். "ஏறாதீர்கள்" என்று ஆனங்கு மக்கள் கேட்டுக்கொண்டும், பலர் பாறைமேல் ஏறினார்கள்.

1985-ல் அந்த நிலம் ஆனங்கு மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. 1993-ல் பாறைக்கு இரண்டு பெயர்களும் சேர்த்து வைக்கப்பட்டன. முதலில் ஏயர்ஸ் பாறை, அடுத்து உலூரு. 2002-ல் வரிசை மாறியது. உலூரு முன்னால் வந்தது. 2019-ல் பாறைமேல் ஏறுவதே தடை செய்யப்பட்டது.

நிலம் திரும்பியது. பெயர் திரும்பியது. பிறகு மரியாதையும் திரும்பியது.

மனிதர் பெயரே கூடாதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. இந்தியாவிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

நாட்டின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் இமயமலை அடிவாரத்தில் அமைந்தது. ஐக்கிய மாகாணத்தின் கவர்னராக இருந்த ஹெய்லி துரையின் பெயரை அதற்கு வைத்தார்கள். சுதந்திரம் வந்த பிறகு அந்தப் பெயர் போயிற்று. அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் "ராம்கங்கா தேசியப் பூங்கா" ஆயிற்று. சில ஆண்டுகளில் அதுவும் மாறி, ஜிம் கார்பெட்டின் பெயர் வந்தது.

கார்பெட்டும் வெள்ளைக்காரர்தானே? ஆம். ஆனால் அவர் 1875-ல் நைனிடாலில் பிறந்தவர். அந்தக் காடுகளில் வளர்ந்தவர். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டு வீழ்த்தியவர். பிற்காலத்தில் புலிகளைப் படம் பிடித்தவர். பூங்கா அமையவும் பாடுபட்டவர். அவருடைய பெயரை வைத்தது சுதந்திர இந்தியா!

மெக்கின்லி அந்த மலைக்கு ஒன்றும் செய்யவில்லை. கார்பெட் அந்தக் காட்டோடு வாழ்ந்தார். வித்தியாசம் இதுதான்.

மீண்டும் ராம்கங்கா என்று மாற்றலாம் என்ற பேச்சு 2021-ல் எழுந்தது. ஆற்றின் பெயருக்கும் நியாயம் உண்டு. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள்.

ஆனைமலை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டிலும் இந்தக் கதை உண்டு. பொள்ளாச்சிக்குத் தெற்கே உள்ள ஆனைமலைக் காட்டில் அமைந்த சரணாலயத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வைக்கப்பட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்ததும், புலிகளைக் காக்கும் திட்டம் 1973-ல் தொடங்கியதும் அவருடைய ஆட்சியில்தான். அவருக்கு மரியாதை செய்தது தவறல்ல.

ஆனாலும் "ஆனைமலை" என்ற சொல்லைக் கேட்டதுமே, அங்கே யானை உண்டு என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். வேறு எந்தப் பெயர் அதைச் சொல்லும்? புலிகள் காப்பகம் வந்தபோது, அதற்கு ஆனைமலை என்றே பெயர் வைத்தார்கள். அது நல்ல காரியம்.

நகரத்தில் சர்க்கார் பூங்கா அமைக்கிறது. மரம் நடுகிறது. பெஞ்சு போடுகிறது. அதற்கு ஒரு தலைவரின் பெயரைச் சூட்டலாம். பெற்றவர் பிள்ளைக்குப் பெயர் வைப்பது போன்றது அது. மலையும் காடும் அப்படியல்ல. அவை பாட்டனுக்கும் பாட்டன். பேரன் போய்ப் பாட்டனுக்குப் பெயர் வைக்க முடியுமா?

வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. காட்டில் யாருக்கு என்ன உரிமை என்று பார்க்கும் வேலை, அந்தச் சட்டப்படி கிராம சபையில்தான் தொடங்குகிறது. உரிமைக்குக் கிராம சபை உண்டென்றால், பெயருக்கு மட்டும் வேண்டாமா?

புதிய சரணாலயம் அமையட்டும். புதிய காப்பகம் வரட்டும். பெயர்ப் பலகை எழுதுவதற்கு முன்னால், அதிகாரிகள் மலையடிவாரத்துக்குப் போகட்டும். அங்கே தேன் எடுக்கிறவரையும் மாடு மேய்க்கிறவரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்:

"இந்த இடத்தை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள்?"

அவர்கள் சொல்லும் பெயரைப் பலகையில் முதலில் எழுதட்டும். தலைவர் பெயர் வேண்டுமென்றால், அதற்குக் கீழே எழுதலாம்.