பசி பாவமன்று

"வயிற்றையே அறுத்தெடுத்த பிறகும் பசிக்கிறதாம்! நாக்கை அல்லவா அறுத்திருக்க வேண்டும்?"

சென்ற ஆண்டு தவக்காலத்திற்குச் சற்று முன்பு, சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொன்னார். கூடியிருந்தோர் சிரித்தனர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாமும் சிரித்தோம். யாரைக் குறித்து அது சொல்லப்பட்டதோ அந்தச் சகோதரியும் கையில் தேநீர்க் குவளையோடு அங்கேதான் அமர்ந்திருந்தார். அவரும் சிரித்து வைத்தார்.

ஒரகடம் சாலையில் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்குத் தர ஆய்வு வேலை. வாரந்தோறும் ஷிப்டு மாறும். நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடையும், மருந்துக்கு அடங்காத சர்க்கரை நோயும், படியேற விடாத முழங்கால் வலியும் அவரை இரைப்பைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றன. முதல் ஓராண்டில் முப்பத்து நான்கு கிலோ குறைந்தது. பசி என்ற ஒன்று இருந்ததே மறந்துபோயிற்று என்பார். பதினான்காம் மாதத்தில் அது திரும்பி வந்தது.

"சாமி, ராத்திரி மூணு மணிக்கு லைன்ல நிக்கும்போது வயிறு கூப்பிடுது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் என்ன சாப்பாட்டு வெறி பிடிச்சவளா?" என்று கோவில் வாசலில் நம்மிடம் கேட்டார். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று, அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம்.) "தவக்காலம் வருகிறதே அம்மா, ஒருசந்தி இருந்து பாருங்கள். அடக்கப் பழகினால் பசி அடங்கிவிடும்" என்று விடை சொன்னோம். அவர் கீழ்ப்படிந்தார். மூன்றாம் வெள்ளியன்று சிலுவைப்பாதையில், பதினோராம் தலத்திற்கு முழங்காலிட்டவர் எழவில்லை. மயங்கிச் சரிந்தவரைப் பெண்கள் தூக்கி உட்கார வைத்தபோது, அன்று காலையிலிருந்து அவர் தண்ணீரும் சரிவரக் குடிக்கவில்லை என்று தெரிந்தது.

அந்த அறிவுரைக்கும் அந்தச் சிரிப்புக்கும் எதிராகவே இதை எழுதுகிறோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழுப் பலத்தோடு எடுத்து வைப்போம். போசனப்பிரியம் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்று என்று சின்னக் குறிப்பிடத்திலேயே படித்தவர்கள் நாம். வயிறு சிறுத்துவிட்டது, ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு மேல் அதில் இடமில்லை. இடமில்லாத வயிறு எப்படிப் பசிக்கும்? ஆகவே பசிப்பது வயிறன்று, ஆசை. ஆசையை ஆளத் தெரியாதவருக்குக் கத்தி என்ன செய்யும்? கேட்பதற்கு நேர்மையான வாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறையியலாகவும் இது தவறு, மருத்துவமாகவும் தவறு.

குருமடத்தில் நாம் மனப்பாடம் செய்து, பிறகு மறந்துவிட்ட ஒரு பகுதியை அந்த வெள்ளிக்கிழமை இரவு மீண்டும் எடுத்துப் பார்த்தோம். புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பேரேட்டில் போசனப்பிரியத்தைப் பற்றி ஆராயும் இடத்தில், நாட்டம் இருவகைப்படும் என்கிறார். ஒன்று, செடிகொடிகளுக்கும் நமக்கும் பொதுவான, உடலை வளர்க்கும் ஆற்றலைச் சேர்ந்த இயற்கை நாட்டம். பசியும் தாகமும் இதன்பாற்பட்டவை. இந்த ஆற்றல் அறிவின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதில்லை. ஆதலால் இதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. மற்றது புலன்களின் நாட்டம். ஒழுங்கு மீறிய அந்த விருப்பத்திலேதான் போசனப்பிரியம் குடியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்வளவு தெளிவாக வரையறுத்த ஒன்றை நாம் இந்நாளில் குழப்பிக்கொண்டு, பசித்தவளைப் பாவி என்கிறோம். அக்குவினாஸ் தாமே பருத்த உடலினர் என்பது மரபுவழிச் செய்தி. அவரை நம் அன்பியத்தில் உட்கார வைத்திருந்தால் என்ன பேசியிருப்போமோ!

பெரிய கிரகோரியார் வகுத்த ஐந்து வழிகளையும் அவர் அங்கே எடுத்தாள்கிறார்: நேரத்திற்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, மிகுதியாக உண்பது, ஆவலாய் அள்ளி விழுங்குவது, பக்குவத்தில் நுணுக்கம் பார்ப்பது. ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் அளவைப் பற்றியது. குழம்பில் உப்புக் குறைந்ததற்காக இல்லத்தாளைச் சீறும் ஒல்லியான ஆண்களை இப்பட்டியலின் கடைசி வகையில் நாம் ஒருநாளும் சேர்த்ததில்லை. அவர்களைப் பற்றி மறையுரையும் செய்ததில்லை.

இனி மருத்துவத்துக்கு வருவோம். பசி வயிற்றின் வெற்றிடத்தில் பிறப்பதாக எண்ணுவது பழைய எண்ணம். உடல் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994ஆம் ஆண்டிலும், பசியைக் கிளப்பும் கிரெலின் 1999ஆம் ஆண்டில் ஜப்பானிலும் கண்டறியப்பட்டன. கிரெலின் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. இன்று மிகுதியாகச் செய்யப்படும் சிகிச்சையில், இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கப்பட்டு, ஒரு குறுகிய குழாய் அளவே விடப்படுகிறது. மேற்பகுதி போய்விடுவதால் கிரெலினும் சட்டெனக் குறைகிறது. நம் சகோதரிக்கு முதல் ஆண்டில் பசி மறந்துபோனதன் காரணம் இதுவே. அவருடைய புலனடக்கம் அன்று. அந்நாளில் நாம் அவரைப் பாராட்டினோம். பாராட்டும் பிசகு, பிறகு இகழ்ந்ததும் பிசகு.

ஆனால் கிலோக்கணக்கில் கொழுப்புக் கரையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்றே படிக்கிறது. உண்ணச் சொல்லி ஏவுகிறது, செலவைச் சுருக்குகிறது. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களை ஆராய்ந்த மெல்போர்ன் மருத்துவர்கள், பசியைத் தூண்டும் ஹார்மோன் மாற்றங்கள் ஓராண்டு கழிந்தும் நீங்கவில்லை என்று 2011ஆம் ஆண்டு எழுதினார்கள். அறுவைச் சிகிச்சை இந்த எதிர்ப்பைப் பெரிதும் தணிக்கிறது. எல்லோரிடத்திலும் எக்காலத்துக்கும் தணிக்கும் என்பதற்கு உறுதியில்லை. இரவு ஷிப்டில் தூக்கமும் கெட்டால் பசி மேலும் கூடும்.

மன உறுதி உள்ளவர்கள் இதை வென்றிருப்பார்களே என்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். 1944ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பட்டினிச் சோதனையைத் தொடங்கினார். போரில் கொல்ல மாட்டோம் என்று மனச்சான்றின்படி படையில் சேர மறுத்தவர்கள் அவர்கள். சமய நம்பிக்கையில் ஊன்றியவர்கள் பலர். போரால் பட்டினியுற்ற ஐரோப்பியரைத் தேற்றும் வழி அறிவதற்காகத் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. உடல் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு போயிற்று. அந்த உறுதிமிக்கவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் நூல்களை விரும்பிப் படித்தார்கள், உணவைக் கனவு கண்டார்கள். பட்டினி முடிந்து வயிறு புடைக்க உண்ட பின்னும், வாரக்கணக்கில் பசி தீரவில்லை என்றவர்கள் அவர்களில் இருந்தனர். அவர்களையும் போசனப்பிரியர் என்போமா?

தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் வீழ்ந்த செங்கற்பட்டுச் சீமை இது. அந்தப் பஞ்சங்களைக் கடந்து உயிர்பிழைத்த உடல்களின் வழிவந்தவர்கள் நாம். 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவு கடந்த எடையினர். அத்தனை பேரும் திடீரெனப் பாவத்தில் விழுந்துவிட்டார்களா, அல்லது உணவும் உழைப்பும் உறக்கமும் மாறிவிட்டனவா?

"அழகுக்காகச் செய்துகொண்டது, அனுபவிக்கட்டும்" என்றும் ஒரு பேச்சு உண்டு. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்த அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்ட புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தபோது, அந்தப் பேச்சு நம் தேநீர்க் கடைகளில் உரக்கவே கேட்டது. அழகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடல் நிறை குறியீட்டெண் 40ஆவது இருக்க வேண்டும், அல்லது 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரையோ இதய நோயோ கடுமையான உறக்க மூச்சுத்தடையோ சேர்ந்திருக்க வேண்டும், மற்ற வழிகள் பலிக்காதிருக்க வேண்டும். அப்போதே காப்பீடு உண்டு என்று 2019ஆம் ஆண்டு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. இது நோய்க்குச் செய்யும் சிகிச்சை. "இனிப் பசியே இராது" என்று விளம்பரம் செய்வோர் மீதும் நமக்குச் சினம் உண்டு. அறுப்பது ஒரு நாள் வேலை. அதன் பின் நெடுங்காலம் அந்த மனிதர் பசியோடு என்ன செய்வார் என்பதைச் சொல்ல விளம்பரப் பலகையில் இடம் போதவில்லை போலும்.

மயங்கி விழுந்த மறுவாரம், கணவரோடு அவரை அழைத்துக்கொண்டு மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் நாமும் சென்றோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி நம்மை நாணச் செய்தது: "எந்த மாதிரிப் பசி?" நாம் அதைக் கேட்கவே இல்லையே! எரிச்சலோடு கூடியது என்றால் அது அமிலமாக இருக்கலாம். இந்தச் சிகிச்சைக்குப் பின் அமிலம் மேலெழுவது பலருக்கும் உண்டு, அதற்கு மாத்திரை போதும். இனிப்போ வெள்ளைச் சோறோ உண்ட ஓரிரு மணியில் வியர்த்து, கை நடுங்கி, பசி வந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்கிறதென்று பொருள். அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. சில வேளை தாகமே பசியின் வேடம் பூண்டு வரும். களைப்பும் துயரமும் தனிமையும் அவ்வாறே வரும். அதையும் வைத்தியர்கள் இகழவில்லை. உறக்கம் எப்படி, வீட்டில் எப்படி என்று பொறுமையாகக் கேட்டார்கள்.

பிறகு கணக்குப் போட்டார்கள். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். நூறு கிராம் மீனில் ஏறத்தாழ இருபது. அதே எடைச் சோற்றில் மூன்று கிராம்கூட இல்லை. நம் சகோதரி கஞ்சியும் ரசம் சாதமும், தேநீரில் நனைத்த பிஸ்கட்டுமாக நாளைக் கழித்திருக்கிறார். 'சின்ன வயிறு, லேசானதாகச் சாப்பிடு' என்ற மாமியாரின் அன்பு அது. குழைந்ததும் கரைவதும் அந்தக் குறுகிய குழாயில் நில்லாமல் இறங்கிவிடும். முறுக்கும் மிக்சரும் அப்படியே. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போவதற்குள் வயிறு காலி. ஆகவே முட்டை, மீன், பயறு, தயிர் முதலில். சோறு இடமிருந்தால் பிறகு. நன்றாக மென்று, மெதுவாக உண்ண வேண்டும். உணவோடு தண்ணீர் கூடாது. அரைமணி கழித்து வாய் வாயாகப் பருக வேண்டும். சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும். இவ்வளவுக்கும் பசி அடங்காவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. 2025ஆம் ஆண்டு நம் நாட்டுச் சந்தைக்கு வந்த ஊசிகளை இவர்களுள் சிலருக்கு மருத்துவர்கள் எழுதுகிறார்கள். விலையைக் கேட்டுக் கணவர் பேசாதிருந்தார். அது வேறொரு கட்டுரைக்கு உரிய வழக்கு.

மெதுவாக உண்ண வேண்டுமாம்! தொழிற்சாலையில் உணவு இடைவேளை அரைமணி. அதில் கேன்டீன் வரிசையில் நிற்பதற்கே பத்து நிமிடம். வேலையிடத்தில் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று விதி. பயறு ஊறவைத்த சிறு டப்பா ஒன்றைப் பையில் வைத்திருந்ததற்காக மேற்பார்வையாளரிடம் அவர் ஏச்சு வாங்கினார். மருத்துவச் சீட்டைக் காட்டி, மூன்று முறை நடந்த பிறகுதான் இரவு மூன்று மணிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. வண்டிகளின் எந்திரத்துக்கு எண்ணெய் எப்போது வேண்டும் என்று நொடிக்கணக்கில் அறிந்த இடத்தில், மனிதருக்கு எப்போது வேண்டும் என்று அறிய இத்தனை நடை.

தொழிற்சாலையை மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர நோன்பைத் தண்ணீரும் மருந்தும் முறிப்பதில்லை என்றும், முதியோருக்கும் நோயுற்றோருக்கும் விலக்கு உண்டு என்றும் திருச்சபைச் சட்டத்தின் 919ஆம் எண் சொல்கிறது. திருப்பலிக்கு நடுவே புட்டியைத் திறந்து ஒரு வாய் பருகியதற்காக இரண்டு பெண்கள் அவரை முறைத்தார்கள். அவர் அடுத்த இரு ஞாயிறும் நற்கருணை வாங்க வரவில்லை. ஒருசந்தி நோயாளியைக் கட்டாது என்பது குருமடத்துப் பாலபாடம். அதை மறந்து அவரைக் கட்டிப் போட்டவர்கள் நாமே. திருவிழா விருந்தில் "இன்னும் ஒரு கரண்டி" என்று இலையை மறிக்க விடாமல் ஊற்றுகிறோம். உண்ணாவிட்டால் அகங்காரம் என்கிறோம், உண்டுவிட்டால் ஆசை என்கிறோம். அவர் எதைத்தான் செய்வது?

சாம்பல் புதனுக்குப் பின்வந்த ஞாயிறு மறையுரையில், சென்ற ஆண்டு நாம் கொடுத்த அறிவுரை பிழையென்று இவ்வாண்டு பெயர் சுட்டாமல் சொன்னோம். திருப்பலி முடிந்து மூவர் தனித்தனியே வந்து பேசினார்கள். மூவருமே இதே சிகிச்சை செய்துகொண்டவர்கள், பங்கில் யாருக்கும் சொல்லாமல் மறைத்தவர்கள். ஒருவர் ஆண், பேருந்து ஓட்டுநர். "பசிக்குதுன்னு டாக்டர்கிட்டயே சொன்னதில்ல ஃபாதர், திட்டுவாருன்னு" என்றார். நம் சகோதரியையும் அவர்களையும் ஒன்றாக உட்கார வைத்திருக்கிறோம். மாதத்தில் முதல் சனி, பங்கு இல்லத்தின் பின்கட்டில் கூடுகிறார்கள். நமக்கு அங்கே வேலை இல்லை. சுண்டல் மட்டும் நம் அடுப்பில் வேகிறது.